ஏற்காட்டில் டிஜிபிஎஸ் தடுமாறிய காலை: செயற்கைக்கோள் எண்ணும் துகள்களில் நான் எதைப் பார்க்க வேண்டும்?

அளவைக்கல் (சேலம்) கேட்டது:

வணக்கம். நான் அஸ்தம்பட்டியில் இருக்கும் தனியார் சர்வேயர். பதினாறு வருடமாக இதே தொழில். சங்கிலி பிடித்து ஆரம்பித்தேன், அப்புறம் டோட்டல் ஸ்டேஷன், கடைசி ஆறு வருடமாக டிஜிபிஎஸ் (செயற்கைக்கோள் அலையை வைத்து இடத்தைச் செ.மீ. கணக்கில் காட்டும் கருவி). வேலையில் பாதிக்கு மேல் சேர்வராயன் மலையில்தான். காப்பித் தோட்டத்தைப் பாகம் பிரிப்பது, வழிப்பாதைத் தகராறு, புதிதாக வாங்கியவருக்கு எல்லை காட்டுவது, இப்படி.

கேள்விக்கு முன்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 2024 மே 11, சனிக்கிழமை. நாகலூர் போகிற வழியில் ஒரு தோட்டம். அண்ணன், தம்பி இரண்டு பேருக்குப் பிரிக்க வேண்டும். வெயில் ஏறுவதற்குள் முடிக்கலாம் என்று காலை 7 மணிக்கே மேலே இருந்தேன். எட்டு மணியிலிருந்து கருவி தகராறு செய்தது. ஃபிக்ஸ் (இடம் செ.மீ. துல்லியத்தில் பூட்டுவது) வரும், போகும், மறுபடி ஃப்ளோட்டில் (பூட்டாத தோராய நிலை) போய் நிற்கும். ஒரே இடத்தில் இருபது நிமிடம் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எப்படியோ ஃபிக்ஸ் வந்த நேரம் பார்த்துப் பார்த்து ஆறு கல் நட்டு முடித்தோம்.

இரண்டு வாரம் கழித்து வேறு வேலையாக அந்தப் பக்கம் போனேன். மனசு கேட்கவில்லை, ஆறு கல்லையும் திரும்ப அளந்தேன். ஐந்து கல் 2, 3 செ.மீ.க்குள் ஒத்துப்போனது. நான்காவது கல் மட்டும் 38 செ.மீ. தம்பி நிலத்துக்குள் தள்ளி நின்றது. கோடு அப்படி நகர்ந்ததில் ஒரு சில்வர் ஓக் மரம் அண்ணன் பக்கம் போய்விட்டது. அந்த மரத்தில் ஏறியிருக்கும் மிளகுக் கொடி அவர்கள் அப்பா கடைசியாக வைத்த கொடி.

இரண்டு பேரையும் வரச்சொல்லி, தவறு என்னுடையது என்று சொல்லி, என் செலவில் கல்லை மாற்றி நட்டுக் கொடுத்தேன். பெரிய மனதோடு ஏற்றுக்கொண்டார்கள். எனக்குத்தான் பல நாள் தூக்கம் வரவில்லை. கருவி விற்றவர்களிடம் கேட்டதற்கு, பிடித்த ஆள் சரியில்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

பிறகுதான் செய்தி படித்தேன். மே 10 இரவு நம் நேரப்படி பத்தரை மணி சுமாருக்குப் பெரிய சூரியப் புயல் பூமியைத் தொட்டிருக்கிறது. 2003 அக்டோபருக்குப் பிறகு முதல் முறையாக ஜி5 நிலை, அளவுகோலின் உச்சம். லடாக்கில் ஹான்லே வானாய்வகத்துக் கேமராவில் சிவப்பு ஒளி விழுந்திருக்கிறது. நான் கம்பம் பிடித்து நின்ற அந்தக் காலை எட்டு மணிதான் புயலின் உச்சம்.

அன்றிலிருந்து போனில் ஒரு விண்வெளி வானிலைச் செயலி வைத்திருக்கிறேன். ஐந்து கோடு காட்டுகிறது: புரோட்டான் பாய்வு, எலக்ட்ரான் பாய்வு, சூரியக் காற்றின் வேகம், பி-இசட், கே-பி. இதில் எதைப் பார்த்து மலை ஏறுவது? ஒருமுறை புரோட்டான் கோடு சிவப்புக்குப் போயிருக்கிறது என்று ஒரு நாள் வேலையைத் தள்ளிவைத்தேன். அன்று அதே மலையில் வேலை செய்த நண்பருக்கு ஒரு சிக்கலும் இல்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். தொழிலுக்கு அவசியமில்லைதான், ஆனாலும் விட மனமில்லை. கண்ணுக்கே தெரியாத துகளை, ஆளில்லாமல் மேலே மிதக்கிற ஒரு பெட்டி எப்படி எண்ணுகிறது? எப்படி அளக்கிறது என்று தெரியாத கருவியை நான் கையில் எடுத்ததில்லை. இந்த எண்களையும் அப்படித் தெரியாமல் நம்ப முடியவில்லை.


ஓமலூர் செயின்மேன் பதில்:

தம்பி, நட்ட கல்லைத் திரும்பப் போய் அளந்தீர்களே, அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும்.

புயல் என்று முடிவு கட்டும் முன் மூன்று விஷயம் சொல்லுங்கள். பேஸ், அதாவது ஓரிடத்தில் நிலையாக நின்று திருத்தம் அனுப்பும் கருவி, எங்கே வைத்தீர்கள்? நான்காவது கல் மரத்தடியா, வெட்டவெளியா? ஃபிக்ஸ் வந்து எத்தனை நொடி கழித்துப் பதிவு செய்தீர்கள்?

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் கஞ்சமலை அடிவாரத்தில் காந்த ஊசிப் பெட்டியைத் திறக்கவே விடமாட்டார். அந்த மலையில் இருப்பது மேக்னடைட் இரும்புத் தாது. ஊசி வடக்கைக் காட்டாமல் மலையைக் காட்டும். அதனால் ஒரு கருவி தப்பாகக் காட்டினால், முதலில் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது என் பழக்கம். வானத்தை அப்புறம் பார்க்கலாம்.

வானத்தால் வரும் தொல்லையும் நான் பார்த்திருக்கிறேன், அது புயலே இல்லாத நாளில். சாலை வேலையில் இரவு ஷிஃப்ட் போட்ட ஒரு மார்ச் மாதம். பகல் முழுக்கத் தங்கமாக ஓடிய கருவி, இரவு எட்டு மணிக்கு மேல் ஒவ்வொரு செயற்கைக்கோளாகக் கைவிட்டது. பத்தரை, பதினொன்றுக்குத் தானாகச் சரியானது. மறுநாளும் அதே நேரம், அதே கதை. ஏப்ரல் முடிந்ததும் நின்றுபோனது. காரணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


அளவைக்கல்:

அண்ணா, வழக்கமாகத் தோட்டத்துக்குள்ளேயே ஒரு பாறையில் பேஸ் வைப்பேன். அன்று பேஸ் பேட்டரி சரியாகச் சார்ஜ் ஏறவில்லை. அதனால் அஸ்தம்பட்டி அலுவலக மொட்டை மாடியில் இருக்கும் இன்னொரு பேஸிலிருந்து போன் இணையம் வழியாகத் திருத்தம் வாங்கினேன். நேர்க்கோட்டில் 14 கி.மீ. சுமார் இருக்கும். நான்காவது கல் வெட்டவெளிப் பாறை ஓரம், ஒன்றும் இரண்டும்தான் மரத்தடி. எத்தனை நொடி என்பதைப் பதிவில் பார்த்துச் சொல்கிறேன்.


அம்மாப்பேட்டை இயற்பியல் பதில்:

நான் அம்மாப்பேட்டைக்காரி. துகள் உணரிகளுக்கான மின்னணுப் பலகைகளைச் சோதிக்கும் வேலையில் வெளியூரில் பத்து வருடம் இருந்தேன். இப்போது சேலத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். உங்கள் இரண்டாவது கேள்வியைப் படித்ததும் கையில் இருந்த விடைத்தாளை ஓரமாக வைத்துவிட்டேன், அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஏற்காட்டில் தகரக் கூரை போட்ட எஸ்டேட் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். மழை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு துளியும் கூரையில் தட்டும். தட்டை எண்ணினால் எத்தனை துளி என்று தெரியும், தட்டின் பலத்தைக் கேட்டால் துளியின் பருமன் தெரியும். துகள் உணரி அந்தக் கூரைதான். நம் கூரை, ஒரு மெல்லிய சிலிக்கான் வில்லை. மின்னூட்டம் உள்ள துகள் அதற்குள் பாயும்போது வழியெல்லாம் எலக்ட்ரான்களை இடம் பெயர்க்கும். ஒரு ஜோடி மின்னூட்டத்தை விடுவிக்க 3.6 எலக்ட்ரான் வோல்ட் (துகள்களின் ஆற்றலை அளக்கும் மிகச் சிறிய அலகு) ஆகும். ஒரு மெகா, அதாவது பத்து லட்சம், எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலை ஒரு புரோட்டான் உள்ளே கொட்டினால் சுமார் 2.8 லட்சம் ஜோடி. கேட்கப் பெரிதாக இருந்தாலும் மின்சாரமாகப் பார்த்தால் அது மிக மிகச் சிறிய துடிப்பு. அந்தத் துடிப்பைப் பெருக்கி, உயரத்தை அளந்து, உயரத்துக்கு ஏற்ற பெட்டியில் ஒன்று கூட்டுவதுதான் நான் சோதித்த பலகைகளின் வேலை. உங்கள் செயலியின் புரோட்டான் கோட்டில் இருக்கும் ஒவ்வொரு புள்ளியும் இப்படி எண்ணிய தட்டுகள்.

ஒரு வில்லை மட்டும் இருந்தால் போதாது. வேகமான புரோட்டானும் மெதுவான ஹீலியம் கருவும் ஒரே அளவு தட்டு கொடுத்துவிடலாம். அதனால் வில்லைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குவார்கள், முதலில் மெல்லியது, பின்னால் தடித்தது. முதல் வில்லையில் எவ்வளவு இழந்தது, எந்த வில்லை வரை போய் நின்றது என்று சேர்த்துப் பார்த்தால் யார் வந்தார், எவ்வளவு ஆற்றலோடு வந்தார் என்று பிரித்துவிடலாம். சூரிய வெளிச்சம் பட்டாலும் சிலிக்கான் தட்டும், ஆகவே முகப்பில் மெல்லிய அலுமினியப் படலம். எலக்ட்ரான் வேண்டாம் என்றால் வாசலில் ஒரு காந்தம் வைத்து ஓரமாகத் தள்ளிவிடுவார்கள்.

எண்ணுவதிலும் ஏமாற்றம் உண்டு. இதைச் சர்வேயரான நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். 1958 ஜனவரி 31 அன்று ஏவிய அமெரிக்காவின் முதல் செயற்கைக்கோள் எக்ஸ்ப்ளோரர் 1-இல் ஜேம்ஸ் வான் ஆலன் குழு கதிர்வீச்சை எண்ணும் ஒரு கைகர் குழாயை வைத்து அனுப்பியது. தாழ்ந்த உயரத்தில் எதிர்பார்த்த எண்ணிக்கை வந்தது. உயரே போனபோது சில இடங்களில் சுழி. ஒரு துகள்கூட இல்லை என்று கருவி சொன்னது. குழு அதை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. கார்ல் மெக்கில்வைன் என்ற மாணவர் அதே போன்ற குழாயை ஆய்வகத்தில் எக்ஸ் கதிருக்கு முன் வைத்துப் பார்த்தார். கதிர் மிகவும் அதிகமானால் குழாய் ஒரு தட்டிலிருந்து மீள்வதற்குள் அடுத்த தட்டு விழுந்து, எண்ணும் அளவுக்குத் துடிப்பே எழாமல் சுழி காட்டியது. கூரையில் கொட்டும் மழை ஒரே இரைச்சலாகிவிட்டால் துளியை எண்ண முடியாது இல்லையா, அதுதான். மேலே துகள் இல்லாமல் இல்லை, அளவுக்கு மீறி இருந்தது. மார்ச் மாதம் போன எக்ஸ்ப்ளோரர் 3-இன் நாடாப் பதிவில் அது உறுதியானது. பூமியைச் சுற்றியிருக்கும் கதிர்வீச்சுப் பட்டைகளை மனிதர் கண்டுபிடித்தது ஒரு கருவி காட்டிய பொய்யான சுழியைச் சந்தேகப்பட்டதால்.

சரி, சூரியக் காற்று, அதாவது சூரியனிலிருந்து எப்போதும் வீசும் மின்னூட்டத் துகள்களின் ஓட்டம். இதில் வரும் துகள்கள் மெதுவானவை. நொடிக்கு 400 கி.மீ. வேகத்தில் வரும் ஒரு புரோட்டானின் ஆற்றல் சுமார் 840 எலக்ட்ரான் வோல்ட்தான். சிலிக்கான் வில்லையில் இது கேட்காது. இதற்கு வேறு வழி: இரண்டு வளைந்த தகடுகள், நடுவில் குறுகிய இடைவெளி, தகடுகளுக்கிடையே மின்னழுத்தம். அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அளவுக்கு மீறி வேகமாக வருகிற வண்டி வெளிச்சுவரில் போய் முட்டும். இந்தத் தகட்டு வளைவில் மெதுவாக வருகிற வண்டிக்கும் வழியில்லை, மின்புலம் அதை உள்சுவருக்கு இழுத்துவிடும். அந்த மின்னழுத்தத்துக்குச் சரியான ஆற்றல் உள்ள துகள் மட்டும் வளைந்து மறுபக்கம் வரும். மின்னழுத்தத்தைப் படிப்படியாக மாற்றிக்கொண்டே போனால் எந்தப் படியில் அதிகம் பேர் வெளியே வருகிறார்கள் என்று தெரியும், அதிலிருந்து வேகம். மறுமுனையில் லட்சக்கணக்கான நுண்துளைகள் கொண்ட கண்ணாடித் தட்டு இருக்கும். ஒரு துகள் துளைக்குள் விழுந்தால் எலக்ட்ரான் மழையாக வெளியே கொட்டி, எண்ணும் அளவுக்குத் துடிப்பு கிடைக்கும். ஒரே வேகத்தில் வரும் ஹீலியம் கருவுக்குப் புரோட்டானைவிட நான்கு மடங்கு ஆற்றல், இரண்டு மடங்கு மின்னூட்டம், எனவே அது இரண்டு மடங்கு மின்னழுத்தப் படியில் தனியாக வந்து நிற்கும்.

சூரியனை ஆராயும் நம் விண்கலம் ஆதித்யா-எல்1-இல் இரண்டு வகையும் இருக்கிறது. 2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனது. திட்ட இயக்குநர் நிகார் ஷாஜி நம் செங்கோட்டைக்காரர், வகுப்பில் பெண் பிள்ளைகளுக்கு இதை ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன். அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சி ஆய்வகம் செய்த ஆஸ்பெக்ஸ் கருவியில் ஸ்விஸ் என்ற பகுதி அந்தக் கொண்டை ஊசி வகை, 100 எலக்ட்ரான் வோல்ட் முதல் 20 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை. செங்குத்தாக வைத்த இரண்டு தளங்களில் ஒவ்வொன்றும் 360 டிகிரி சுற்றிப் பார்க்கும். ஸ்டெப்ஸ் என்ற பகுதி அதிக ஆற்றல் துகள்களுக்கு, ஆறு உணரிகள் வெவ்வேறு திசை பார்க்கின்றன. அது எல்1 (பூமிக்கும் சூரியனுக்கும் நடுவே விண்கலம் நிலையாக நிற்கக்கூடிய இடம்) போய்ச் சேரும்வரைகூடக் காத்திருக்கவில்லை, செப்டம்பர் 10 அன்று பூமியிலிருந்து 50,000 கி.மீ.க்கு அப்பால் போனதுமே எண்ணத் தொடங்கிவிட்டது. திருவனந்தபுரத்தில் செய்த பாபா என்ற கருவி எலக்ட்ரான்களையும் அயனிகளையும் பார்க்கிறது. காந்தமானி இரண்டும் 6 மீட்டர் நீளக் கையில், ஒன்று நடுவில், ஒன்று நுனியில் நிற்கின்றன. ஓமலூர் ஐயா சொன்ன கஞ்சமலைப் பாடம்தான் இது. விண்கலத்துக்கும் சொந்தக் காந்தம் உண்டு, ஊசியை அதிலிருந்து தள்ளி வைக்க வேண்டும்.

இப்போது உங்கள் ஐந்து கோடு. புரோட்டான், எலக்ட்ரான் கோடுகள் பெரும்பாலும் அமெரிக்காவின் கோஸ் வானிலைச் செயற்கைக்கோள்களிலிருந்து வருபவை. அவை 35,800 கி.மீ. உயரத்தில் இருக்கின்றன. புரோட்டான் கோடு ஏறினால் செயற்கைக்கோளின் மின்னணுப் பாகங்களுக்கும் துருவ வழியாகப் பறக்கும் விமானங்களுக்கும் கவலை. தென்னிந்தியாவுக்கு மேலே பூமியின் காந்தப்புலம் கிடைமட்டமாகப் படுத்திருக்கிறது. அந்தப் புரோட்டான்கள் அதைக் கடந்து ஏற்காட்டுக்கு வராது. நீங்கள் வேலையைத் தள்ளிவைத்த அன்று ஒன்றும் ஆகாததற்குக் காரணம் இதுதான். எலக்ட்ரான் கோடும் அப்படியே, செயற்கைக்கோள் வைத்திருப்பவர்கள் பார்க்க வேண்டியது.

கே-பி செயற்கைக்கோள் எண்ணே கிடையாது. பூமியின் காந்தப்புலம் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று தரையில் உள்ள 13 காந்த நிலையங்களிலிருந்து மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கணக்கிடுவது, பெரும்பாலானவை நம்மைவிட மிக வடக்கே. நம் அட்சரேகைக்கு டி-எஸ்-டி என்ற எண் பொருத்தம், நிலநடுக்கோட்டுக்கு அதிகத் தூரமில்லாத நான்கு நிலையங்களிலிருந்து வருவது. மே 11 காலை அது மைனஸ் 400 நானோடெஸ்லாவைத் தாண்டிக் கீழே போனது.

உங்களுக்கு வேண்டியவை வேகமும் பி-இசட்டும். பி-இசட் என்பது சூரியக் காற்று சுமந்து வரும் காந்தப்புலம் வடக்கே பார்க்கிறதா தெற்கே பார்க்கிறதா என்பது. தெற்கே திரும்பி, அப்படியே சில மணி நேரம் நின்றால் பூமியின் காந்தக் கதவு திறந்துகொள்ளும். உண்டாகும் மின்புலம் சில நிமிடங்களில் காந்த நடுக்கோடு வரை வந்து சேரும். அந்தக் கோடு திருநெல்வேலிக்குப் பக்கத்தில் போகிறது, அதனால்தான் அங்கே கிருஷ்ணாபுரத்தில் புவிகாந்த ஆய்வகம் இருக்கிறது. நம் தலைக்கு மேலே அயனி மண்டலம் (மேல் வளிமண்டலத்தில் மின்னூட்டம் உள்ள அடுக்கு) ஏறி இறங்கிக் குழம்பும். உங்கள் ஜிபிஎஸ் அலை அதற்குள் புகுந்துதான் வருகிறது.

ஓமலூர் ஐயா, நீங்கள் மார்ச் இரவில் பார்த்ததும் அதே அயனி மண்டலம்தான், ஆனால் புயல் வேண்டியதில்லை. சூரியன் மறைந்த பிறகு அதன் அடிப்பகுதியில் எலக்ட்ரான் குறைந்த குமிழிகள் உருவாகி மேலே எழும். அலை அதில் சிதறி மினுமினுக்கும். நம் தீர்க்கரேகையில் இது மார்ச், ஏப்ரலிலும் செப்டம்பர், அக்டோபரிலும் அதிகம், சூரியன் சுறுசுறுப்பாக இருக்கும் வருடங்களில் இன்னும் அதிகம்.

அளவைக்கல் சார், நான்காவது கல்லைப் பற்றி என் கருத்து: அன்று மூன்று விஷயம் ஒன்றாகச் சேர்ந்திருக்கிறது. தோட்டத்துக்குள் பேஸ் இருந்தால் ரோவரும் (நீங்கள் கம்பத்தில் பிடிக்கும் கருவி) பேஸும் ஏறக்குறைய ஒரே அயனி மண்டலம் வழியாகப் பார்க்கும், பிழை கழிந்துவிடும். 14 கி.மீ. தள்ளி இருந்தால் முழுதாகக் கழியாது. அமைதியான நாளில் கிலோமீட்டருக்கு ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் மிச்சம் நிற்கும், கலங்கிய நாளில் அது பல மடங்கு ஆகலாம். அலையின் நீளமே 19 செ.மீ., மிச்சப் பிழை அதில் ஒரு நல்ல பங்கு ஆகிவிட்டால் கருவி அலைகளின் எண்ணிக்கையைத் தப்பாகப் பூட்டிவிடும். இரண்டாவது, அஸ்தம்பட்டிக்கும் ஏற்காட்டுக்கும் 1,200 மீட்டர் உயர வித்தியாசம். நடுவில் இருக்கும் காற்றும் ஈரமும் பேஸுக்கு மட்டும், ரோவருக்கு இல்லை. இது எல்லா நாளும் உள்ள தொல்லை, சூரியனுக்குச் சம்பந்தமில்லை. மூன்றாவது, பதிவு செய்த நொடிகள். அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.


சிற்றலை73 பதில்:

ஏற்காட்டில் அமெச்சூர் வானொலி வைத்திருப்பவன். ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். அந்தச் செயலியில் எக்ஸ் கதிர்க் கோடும் இருந்தால் குழப்பிக்கொள்ளாதீர்கள். சூரியனில் வெடிப்பு நடந்து எட்டு நிமிடத்தில் எக்ஸ் கதிர் வந்துவிடும், பகல் பக்கத்தில் சிற்றலை வானொலி அப்படியே அமுங்கிப்போகும். எனக்கு அது பெரிய விஷயம். மே 2024-இல் அந்த ஒரு கரும்புள்ளிக் கூட்டம் தொடர்ந்து வெடித்தபோது பகலில் 20 மீட்டர் பட்டையில் இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்காத நேரங்கள் இருந்தன. ஆனால் அது ஒளி, மின்னூட்டத் துகள் இல்லை. துகளும் காந்தமும் சேர்ந்த மேகம் ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் வரும், சில சமயம் வராமல் ஒதுங்கியும் போகும். வெடிப்பு நடந்தது என்று கேட்டவுடன் கம்பத்தை மூட்டை கட்ட வேண்டாம்.


அளவைக்கல்:

மேடம், இதை அச்செடுத்து அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். உடன் வேலை செய்யும் பையனுக்குக் கொண்டை ஊசி வளைவைக் காகிதத்தில் வரைந்து காட்டினேன், உடனே பிடித்துக்கொண்டான்.

ஒரு சந்தேகம். ஆதித்யா 15 லட்சம் கி.மீ. தள்ளி நிற்கிறது, சந்திரனைப் போல நான்கு மடங்கு தூரம். அவ்வளவு முன்னால் காவல் நின்றும், பி-இசட் எச்சரிக்கை முக்கால் மணி, ஒரு மணி நேரத்துக்கு முன்தான் வருகிறது. முந்தின நாளே ஏன் சொல்ல முடியாது? அடிவாரத்தில் இருக்கும்போதே தெரிந்தால் திரும்பிவிடலாமே.


அம்மாப்பேட்டை இயற்பியல்:

நீங்களே வகுத்துப் பாருங்கள். 15 லட்சம் கி.மீ.யை நொடிக்கு 400 கி.மீ. என்று வகுத்தால் 3,750 நொடி, ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். பெரிய புயலில் 700 கி.மீ. என்றால் 36 நிமிடம்தான். வளைவுகளில் ஏறி மேலே போய்ச் சேரும் நேரம்கூட இல்லை.

மேகம் சூரியனை விட்டுக் கிளம்பியது முந்தின நாளே தெரியும், படக்கருவிகள் பார்த்துவிடும். எப்போது வரும் என்றும் சில மணி நேரப் பிழையோடு கணிக்கிறார்கள். ஆனால் அதற்குள் இருக்கும் காந்தப்புலம் தெற்கே பார்க்கிறதா என்பது படத்தில் தெரியாது. மேகம் கருவியின் மேல் வந்து படும்போதுதான் தெரியும். தொட்டுப் பார்க்கிற அளவீடு இது. அதனால் எல்1-இல் ஏஸ், டிஸ்கவர், விண்ட், ஆதித்யா என்று இத்தனை பேர் நிற்கிறார்கள்.

இன்னும் ஒன்று, இது என்னை எப்போதும் யோசிக்க வைக்கும். 2003 அக்டோபர் கடைசியில் வந்த பெரும் புயலில், ஏஸ் விண்கலத்தின் சூரியக் காற்றுக் கருவியை அதிக ஆற்றல் புரோட்டான்கள் வந்து மூழ்கடித்துவிட்டன. வளைந்த தகடுகளை மதிக்காமல் சுவரைத் துளைத்து நேராக உணரியைத் தட்டின. வேகம் எவ்வளவு என்று உலகமே கேட்ட நேரத்தில் அந்த எண் சரியாக வரவில்லை. அதே விண்கலத்தின் காந்தமானி மட்டும் வேலை செய்துகொண்டிருந்தது. 2015-இல் போன டிஸ்கவரில் ஃபாரடே கிண்ணம் வைத்தார்கள். அது துகளை ஒவ்வொன்றாக எண்ணாமல், கிண்ணத்தில் விழும் மொத்த மின்னோட்டத்தை அளப்பது. எண்ணிக்கை குறைந்த வேகமான புரோட்டான்கள் அந்தக் கூட்டத்தில் அமுங்கிவிடும். எந்த வானிலையில் அளக்கப் போகிறோமோ, அந்த வானிலையிலேயே கருவி நிற்க வேண்டும்.

மலை ஏறும் முன் பார்க்க: முந்தின நாள் மேகம் கிளம்பிய செய்தி உண்டா, அன்று காலை பி-இசட் மைனஸ் 10 நானோடெஸ்லாவுக்குக் கீழே (மைனஸ் என்றால் தெற்கே) நிலைத்து நிற்கிறதா, வேகம் நொடிக்கு 600 கி.மீ.யைத் தாண்டியதா. மூன்றும் சேர்ந்தால் அன்று கல் நடாமல் கட்டடம், மரம், வேலி என்று விவரம் எடுக்கிற வேலையை வைத்துக்கொள்ளுங்கள். இந்த எல்லைகள் என் சொந்தக் கணக்கு, சட்டம் இல்லை.


ஓமலூர் செயின்மேன்:

மேடம், நன்றி. இத்தனை வருடம் கழித்து அந்த மார்ச் மாதத்துக்குக் காரணம் கிடைத்தது. ஒப்பந்தக்காரர் அப்போது கருவியை மாற்றச் சொல்லி என்னோடு சண்டை போட்டார்.

தம்பி, தெரிந்த ஒரு கல்லில் வேலை தொடங்கி, முடிக்கும்போது மறுபடி அதே கல்லில் வந்து முடியுங்கள். முக்கியமான ஒவ்வொரு கல்லையும் ஒரு மணி நேர இடைவெளியில் இரண்டாம் முறை அளங்கள், இரண்டாம் முறை கருவியை அணைத்துப் போட்டு ஃபிக்ஸைப் புதிதாக வாங்கி. தப்பாகப் பூட்டியிருந்தால் இரண்டு முறையும் ஒரே மாதிரி தப்பாகப் பூட்டுவது அபூர்வம்.


அளவைக்கல்:

பதிவைப் பார்த்தேன். ஐந்து கல்லில் ஃபிக்ஸ் வந்து ஒரு நிமிடத்துக்கு மேல் நின்ற பிறகு எடுத்திருக்கிறேன். நான்காவது கல்லில் 9 நொடி. அண்ணன்காரர் ஊருக்குப் போக வேண்டும் என்று அவசரப்படுத்திய நேரம் அது, இப்போது நினைவு வருகிறது. புயல் இருந்தது, பேஸ் கீழே இருந்தது, நான் 9 நொடியில் பொத்தானை அழுத்தினேன்.

இனி பேஸ் மலை மேல்தான். பேட்டரி இரண்டு செட் வாங்கிவிட்டேன். போன வாரம் செம்மடுவு பக்கம் ஒரு வேலையில் ஓமலூர் அண்ணன் சொன்னபடி ஒவ்வொரு கல்லையும் இரண்டு முறை அளந்தேன், அதிக வித்தியாசம் 1.6 செ.மீ.

மேடம், ரோவர் எடுக்கும் மூலப் பதிவில் ஒவ்வொரு செயற்கைக்கோளின் அலை பலமும் நொடிக்கு நொடி இருக்கிறது. மாலை நேர மினுமினுப்பு அதில் தெரியும் என்றால் உங்கள் மாணவர்களுக்குப் பயன்படுமா? ஏற்காட்டில் தெரிந்தவர் வீட்டு மொட்டை மாடியில் வைக்க இடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். மார்ச் முதல் வாரத்திலிருந்து தினமும் மாலை 6 மணி முதல் இரவு 11 மணி வரை பதிவு செய்ய முடியும்.


அம்மாப்பேட்டை இயற்பியல்:

கட்டாயம் பயன்படும். நொடிக்கு ஒன்று என்று வையுங்கள், எல்லாச் செயற்கைக்கோள் குடும்பங்களையும் திறந்து வையுங்கள். அடிவானத்திலிருந்து 10 டிகிரிக்குக் கீழே உள்ள செயற்கைக்கோள்களை மட்டும் விட்டுவிடலாம். மேடையைச் சுற்றித் தண்ணீர்த் தொட்டி, தகரக் கூரை இல்லாத இடமாகப் பாருங்கள். முதுகலை இரண்டாம் ஆண்டில் இரண்டு பிள்ளைகள் திட்டத்துக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களையே வந்து கருவியைப் பொருத்தச் சொல்கிறேன். எந்தச் சனிக்கிழமை மேலே போகிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.